அந்தமானுக்குச் சிக்கனமாக: கடல் கடக்கும் கணக்கு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல், கையிலுள்ள ரூபாயை டாலராக மாற்றாமல் போய்வரக்கூடிய வெப்பமண்டலத் தீவுக்கூட்டம் அந்தமான். லட்சத்தீவு தொலைவில் குறைவுதான். ஆனால் அங்கே கால் வைக்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும், தங்குமிடங்களும் குறைவு. மாலத்தீவு வெளிநாடு. அந்தமானிலோ இந்தியக் குடிமக்கள் வழக்கமான சுற்றுலா இடங்களுக்கு ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டையோடு போய் இறங்கிவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். தலைநகர் போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாரில் தமிழ் மட்டுமே தெரிந்தவரும் வழி கேட்டு, சாப்பிட்டு, அறை பேசி முடித்துவிட முடியும்.

அந்தமான் செலவு மிகுந்த இடம் என்ற பெயர் எடுத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திட்டமிடும் முறைதான். ஹோட்டல் வாடகையில் முந்நூறு ரூபாய் குறைக்கப் பாடுபடுகிறவர்கள், எத்தனை முறை கடல் கடக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. விமானம், தீவுக்குத் தீவு கப்பல், கடற்கரைக்குப் படகு என ஒவ்வொரு கடப்பும் தலைக்கு ஒரு டிக்கெட்; அதோடு அரை நாளையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, குறைந்த தீவுகளைத் தேர்ந்தெடுத்து அதிக நாள் தங்குவதே சிக்கனத்தின் முதல் விதி. ஐந்து நாளில் ஐந்து தீவு காட்டும் பேக்கேஜ் பணத்தையும் வாங்கிக்கொண்டு, விடுமுறையின் பெரும்பகுதியை ஜெட்டிகளில் காத்திருப்பதிலேயே கழிக்க வைக்கிறது.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவமழை இந்திய மண்ணில் முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். மே மாதத்தின் பின்பாதியில் தொடங்கிவிடும். அந்த மழை ஓய்ந்ததும் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகும் காலம் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அறை வாடகை சரியும். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுபோகும், நீரும் கலங்கியிருக்கும். அப்படி மாட்டிக்கொண்டு மறுபடி வாங்கும் விமான டிக்கெட், வாடகையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் மிக விலை உயர்ந்த நாட்கள். ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், குக் டவுன் பகுதிகளில் பல குடும்பங்களுக்கு அந்த விடுமுறைதான் வசதி என்றாலும், பொங்கல் கழிந்து பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ கிளம்ப முடிந்தவர்களுக்கு அதே கடல் கணிசமாகக் குறைந்த செலவில் கிடைக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் ஏப்ரல் முதல் பாதி அடுத்த தேர்வு. தசரா விடுமுறைக்குப் போவதென்றால் மழைக்கும் சேர்த்துத் தயாராக வேண்டும்.

பெங்களூரிலிருந்து நேரடி விமானம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டிக்கெட் தேடும்போது ஒரு குழப்பம் வரலாம். போர்ட் பிளேயரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் த்வீப் ஆகவும், நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆகவும் மாறிவிட்டன. முன்பதிவுத் தளங்களிலும் கப்பல் அட்டவணைகளிலும் இரண்டு பெயர்களும் கலந்தே கிடக்கின்றன. விமானத்தை இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே, வாரநடுவில் பார்ப்பது நல்லது. நேரடி விமானம் விலை ஏறியிருந்தால் சென்னை வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்களுக்குக் கன்டோன்மென்ட் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பிருந்தாவன், லால்பாக் எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்கும். ஆனால் சென்னையில் ஓர் இரவு அறை எடுக்க நேர்ந்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும். பெங்களூரிலிருந்தே விடியற்காலை விமானம் பிடிப்பவர்கள் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு டாக்ஸிச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டி குறைவாக இருந்தால் பி.எம்.டி.சி.யின் வாயு வஜ்ரா பேருந்து போதும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு சிறப்பு வசதி உண்டு. பெங்களூரில் அவர்கள் ஏராளம் என்பதால் அதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகையில், சொந்த ஊர்ப் பயணத்துக்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் போக அனுமதிக்கும் சிறப்புத் தளர்வு பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. விமானப் பயணத் தகுதி இல்லாத நிலையில் உள்ள ஊழியர்களும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து எகானமி வகுப்பில் பறக்கலாம். அந்த நகரம் வரை அவரவருக்குரிய வகுப்பில் ரயிலில் போக வேண்டும். டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய அங்கீகரிக்கப்பட்ட முகமைகள் வழியாக எடுப்பது விதி. வேறு தளத்தில் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டு, பிறகு தொகை கேட்டு அலைவதில் பயனில்லை. தளர்வு காலவரையறை கொண்டது; ஆகவே முன்பதிவுக்கு முன் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் நடப்பு உத்தரவைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகலாம். ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடலைக் கடக்க மூன்று நாட்கள் வரை ஆகும். மாதத்துக்குச் சில பயணங்கள்தான்; அட்டவணையும் வெகு முன்னதாக வெளிவருவதில்லை. பங்க் எனப்படும் கீழ்வகுப்புப் படுக்கை மலிவு, ஆனால் புழுக்கமும் நெரிசலும் அதிகம். மேல்வகுப்பு அறைகளின் கட்டணமோ விமானக் கட்டணத்தை நெருங்கும். போக மூன்று, வர மூன்று என ஆறு நாள் விடுப்பைக் கடலுக்கே கொடுக்க முடிந்த ஓய்வுபெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் இது அருமையான அனுபவம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தீவுக்குள் இறங்கியதும் பட்ஜெட்டைத் தீர்மானிப்பது ஃபெர்ரி. தலைநகரிலிருந்து ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் அரசுக் கப்பல்களும் ஓடுகின்றன, தனியார் அதிவேகக் கப்பல்களும் ஓடுகின்றன. அரசுக் கப்பலில் கட்டணம் சில நூறு ரூபாய், நேரம் இரண்டு, இரண்டரை மணி. தனியார் கப்பல் ஒன்றரை மணியில் போய்விடும். குளிரூட்டிய அறை, ஒதுக்கிய இருக்கை, கட்டணம் ஆயிரத்துக்கு மேல். தலைக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால், தலைநகர், நீல், ஹேவ்லாக், மறுபடி தலைநகர் என்ற முக்கோணச் சுற்றில் நான்கு பேர் குடும்பத்துக்கு 18,000 ரூபாய் ஆகிறது. நீலையோ ஹேவ்லாக்கையோ ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒரு கடப்பு குறைகிறது: 6,000 ரூபாய் மிச்சம். எவ்வளவு பேரம் பேசினாலும் அறை வாடகையில் இந்தத் தொகை மிஞ்சாது.

அரசுக் கப்பலில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அந்தக் கப்பல்கள் முதலில் தீவு மக்களுக்கானவை. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அவர்களுக்கு வேறு வழியில்லை; அதனால் டிக்கெட்டில் அவர்களுக்கு முன்னுரிமையும் குறைந்த கட்டணமும் உண்டு, அது நியாயமும்கூட. வெளியூர்க்காரர்களுக்கான டிக்கெட் பயண நாளுக்குச் சில நாள் முன்புதான் கிடைக்கும். போகும்போது தனியார் கப்பலில் உறுதியான இடம், திரும்பும்போது கிடைத்தால் அரசுக் கப்பல் என்று திட்டமிடலாம். எதில் திரும்பினாலும், விமானத்துக்கு முந்தைய இரவு தலைநகரில் இருந்தாக வேண்டும். காலையில் தீவிலிருந்து கப்பலேறி மதியம் விமானம் பிடிக்கும் திட்டம், கடல் சீறிய ஒரே ஒரு நாளில் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும்.

சூரியனும் இங்கே பட்ஜெட்டில் ஒரு பங்கு வகிக்கிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து அந்தமான் பத்து பாகை கிழக்கே இருப்பதால், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். பெங்களூர் வழக்கப்படி ஒன்பது மணிக்கு எழுந்து பதினொன்றுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நாளில் பாதிதான் மிஞ்சும். விட்டுப்போனதைப் பார்க்க இன்னொரு நாள் வாடகை கொடுக்க வேண்டும். ஐந்தரை மணிக்கே கடற்கரையில் இருப்பவர் ஐந்து நாள் பயணத்தை நான்கு நாளில் முடித்துவிடுவார். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குப் போகும் அரசுப் பேருந்து மிக மலிவு. ஆனால் சூரியன் மறைந்தபின் திரும்பப் பேருந்து இருக்கிறதா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியது இந்த ராதாநகரைத்தான். அங்கே நீந்தவோ உட்காரவோ கட்டணமில்லை. அதே தீவின் எலிஃபண்ட் கடற்கரைக்குப் படகில் போனால் தலைக்குப் பல நூறு ரூபாய் செலவாகும். மழையில்லாத நாட்களில் காட்டுப் பாதையில் முக்கால் மணி நேர நடையிலும் அடையலாம். பவளப்பாறை பார்க்க ஸ்கூபா டைவிங் செய்வதில் மட்டும் மலிவைத் தேடக் கூடாது. முதல்முறை இறங்குபவருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கருவிகளும் பயிற்றுநரும் தரமாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இறங்கினால் போதும். கிளாஸ் பாட்டம் படகு, வாட்டர் ஸ்கூட்டர், பனானா போட் என்று சிதறும் செலவைவிட அந்த அரை மணி நேரம் எவ்வளவோ மேல்.

நீல் தீவு சிறியது, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். 1960களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடியேற்றப்பட்ட இந்தத் தீவில்தான் அந்தமானுக்குத் தேவையான காய்கறிகளில் கணிசமான பகுதி விளைகிறது. பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கு இராமாயணப் பெயர்கள். லட்சுமண்பூரின் இயற்கைப் பாறைப் பாலத்தை கடல் வற்றும்போதுதான் கிட்டத்தில் போய்ப் பார்க்க முடியும். அலை ஏற்ற இறக்க நேரத்தை அறை உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பினால் இரண்டாவது முறை வண்டி பேச வேண்டியதில்லை.

சாப்பாட்டில் விதி எளிது: தீவில் கிடைப்பது மலிவு, கப்பலில் வருவது விலை. இளநீர், வாழைப்பழம், மீன் ஆகியவை தாராளம். பாட்டில் தண்ணீர், பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் அங்கே போய்ச் சேருவதற்குள் விலை ஏறிவிடும். ரிசார்ட்டின் பஃபேயை விட்டு பஜாரில் மீன் சாப்பாடு போடும் மெஸ்ஸைத் தேடிப் போனால் வயிறும் நிறையும். அறைக்கு, கடலை ஒட்டிய அறையைவிட ஐந்து நிமிட நடை உள்ளே இருக்கும் ஹோம்ஸ்டே பாதி விலைக்குக் கிடைக்கக்கூடும். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் போன்ற இடங்களில் அந்தமான் பொதுப்பணித் துறையின் விருந்தினர் இல்லங்களும் உண்டு. சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு செல்பேசிப் பணப்பரிமாற்றம் பரவலாகிவிட்டது. ஆனாலும் சின்னத் தீவுகளில் ரொக்கம் கையில் இருப்பது நல்லது.

தலைநகரில் அதிகச் செலவில்லாமல் ஒரு நாள் போகும். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை, அதன் ஏழு சிறகுகளில் மிஞ்சியிருக்கும் மூன்றை, நிதானமாக நடந்து பார்க்க வேண்டும். சிறிய நுழைவுக் கட்டணம்தான். பிள்ளைகளுக்கு இதைவிடக் கனமான வரலாற்றுப் பாடம் எந்தச் சுற்றுலாவிலும் கிடைக்காது. சிடியா டாப்பு, வண்டூர் கடற்கரைகளுக்கு நகரப் பேருந்து இருக்கிறது.

வடக்கே திக்லிப்பூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. வண்டிகள் காவலுடன் வரிசையாகவே அனுப்பப்படும். நிறுத்துவதும் படமெடுப்பதும் உணவு கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். பழங்குடியினரைக் காட்டுவதாக ஆசை காட்டும் முகவரை அந்த நொடியே விலக்கிவிட வேண்டும். மனிதர்களை வேடிக்கைப் பொருளாக்கும் பயணம் எந்த விலைக்கும் வேண்டாதது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. விமான நிலையச் சோதனையில் சிக்கினால் வனவிலங்குச் சட்டம் பாயும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது.

இவ்வளவுக்கும் பணமோ விடுப்போ போதாதவர்களுக்குக் கர்நாடகத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. உடுப்பி அருகே மல்பே கரையிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரீஸ் தீவு, எரிமலைக் குழம்பு இறுகி நின்ற தூண்பாறைகளுக்குப் பெயர் பெற்றது. பெங்களூரிலிருந்து இரவு ரயிலிலோ பேருந்திலோ கிளம்பினால் காலையில் உடுப்பி. தீவில் தங்க அனுமதியில்லை. பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பருவமழை மாதங்களில் படகுகள் நிறுத்தப்படுவதால், மழை ஓய்ந்து படகு ஓடத் தொடங்கிவிட்டதா என்று மல்பேயில் விசாரித்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.