பாண்டுக்கு வெட்டியது திரும்பி வந்தது, விஸ்வரூபத்துக்கு?

உளவாளிப் படங்களில் வெட்டுப்பட்ட காட்சிகளைத் தேடிக் குறித்து வைப்பது எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு வேலை. (வீட்டில் இதை வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை.) அப்படித் தேடியதில், பாண்ட் படங்களுக்கும் நம்ம ஊர் 'விஸ்வரூபம்' படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் தெரிந்தது.

முதலில் பாண்ட். 1995-ல் 'கோல்டன் ஐ' பிரிட்டனில் வந்தபோது '12' சான்றிதழோடு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால்தானே கல்லா நிறையும்? தலையால் முட்டும் ஓர் அடி உட்பட கொஞ்சத்தை வெட்டித்தான் அந்த 12 கிடைத்தது. 2006 டிவிடியில் அதைத் திரும்பச் சேர்த்து '15' என்று போட்டுவிட்டார்கள். 1989-ல் வந்த 'லைசென்ஸ் டு கில்' கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அங்கே வெட்டு என்பது ஒரு பேரம். சின்ன வயசு வேண்டுமா, இத்தனை விநாடியைக் கொடு. முழுப்படம் வேண்டுமா, வயசை ஏற்று. காட்சி காணாமல் போவதில்லை, கொஞ்ச வருஷம் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே 1983-லிருந்து யு, யு/ஏ, ஏ, எஸ் என்று நான்கு வகை. அந்த வருஷம்தான் வாரியத்தின் பெயரிலேயே 'தணிக்கை' போய் 'சான்றிதழ்' வந்தது. பெயர் போனாலும் கத்தரி போகவில்லை. 2015-ல் 'ஸ்பெக்டர்' படத்தில் பாண்ட் கொடுக்கும் முத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், நாடே சிரித்தது. அதையாவது யு/ஏ-வுக்குக் கொடுத்த விலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

'விஸ்வரூபம்' அப்படி இல்லை. வாரியம் பார்த்து யு/ஏ கொடுத்த படம். 2013 ஜனவரி 25 ரிலீஸ். முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்க, ரிலீஸுக்கு முன்பே மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர்கள் 144 போட்டார்கள். சென்னையில் போலீஸ் கமிஷனர். பதினைந்து நாள் தடை. கேரளாவில் படம் ஓடியதால் கோயம்புத்தூர்க்காரர்கள் பாலக்காடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பட்டுக்கோட்டையிலிருந்து பாலக்காடு போக ஒரு நாள் ஆகும், அதனால் நாங்கள் டிவியில் செய்தி மட்டும் பார்த்தோம்.

எதிர்ப்பை வெறும் அரசியல் என்று நான் தள்ள மாட்டேன். அதிராம்பட்டினம் எங்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் நண்பர்கள் உண்டு. படத்துக்குப் படம் தன் சமூகத்து ஆளே துப்பாக்கியோடு வந்தால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். அதைச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. என் கேள்வி வேறே: அந்த வலிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கலெக்டரா?

அதற்கான பதில் முன்பே இருந்தது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை வைத்தே. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம், கலவரம் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சுரிமையை அடக்கக் கூடாது, எதிர்ப்பைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2013-ல் அரசு சொன்னது கிட்டத்தட்ட அதே கைவிரிப்புத்தான். 524 தியேட்டர்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்க ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல் போலீஸ் வேண்டும், அத்தனை பேருக்கு எங்கே போவது என்று முதல்வர் ஜெயலலிதா நிருபர்களிடம் கணக்குச் சொன்னார். தனி நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு ஜனவரி 29 இரவு தடையை நிறுத்தி வைத்தார். மறுநாளே இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது. கடைசியில் பிப்ரவரி 2-ஆம் தேதி, அரசு முன்னிலையில் உட்கார்ந்து பேசி ஏழு இடங்களில் வெட்டவோ ஒலியை எடுக்கவோ கமல் ஒத்துக்கொண்டார். 7-ஆம் தேதி படம் வந்தது.

இதிலே கவனிக்க வேண்டியது, முன்னேயும் யு/ஏ, பின்னேயும் யு/ஏ. வயசுக்கும் அந்த ஏழு இடங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. பாண்ட் மாதிரி "சரி, 'ஏ' கொடுங்கள், முழுசாக விடுகிறேன்" என்று கேட்க வழியில்லை. ஏனென்றால் வெட்டச் சொன்னது வாரியமே இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வரி மாறினாலும் யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று பதிவு இருக்கும். வாரியம் வெட்டினாலும் சான்றிதழோடு ஒரு பட்டியல் வரும், அதை எதிர்த்து மேலே போகலாம். மேஜையில் பேசி முடித்ததை எங்கே போய் மேல்முறையீடு செய்வது?

அந்தச் சண்டையின் சூட்டிலேயே மத்திய அரசு முத்கல் கமிட்டியைப் போட்டது. பிறகு 2016-ல் ஷியாம் பெனகல் கமிட்டி வந்தது. வாரியம் வயசை மட்டும் சொல்லட்டும், வெட்ட வேண்டாம் என்பது பெனகல் கமிட்டி சொன்னதில் முக்கியமானது. 2023 சட்டத் திருத்தத்தில் யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளை வைத்திருக்கிற எனக்கு அது நிஜமாகவே உதவுகிறது. வெட்டும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. கலெக்டர் கையில் இருந்த 144-ஐயும் யாரும் தொடவில்லை. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்ததிலிருந்து அதற்கு நம்பர் மட்டும் 163.