சொல்லாமல் சொன்ன வாழ்வு

நுழையும்முன்

ஆற்றைக் காக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தின் நோக்கத்தைத் தம் அன்றாட வாழ்விலேயே நிறைவேற்றும் மனிதர்களும் வேண்டும். அத்தகைய மனிதர்கள் எவ்வாறு உருவாகிறார்கள் என்னும் வினாவுக்கு ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை விடை தருகிறது.

மணலுக்கடியில் ஓர் ஆறு

மதிலழகுக்குப் பெயர்பெற்ற ஊர் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோவில் அமைந்த இவ்வூர், வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ளது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து விரிஞ்சிபுரத்தை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகக் காட்சியளிப்பினும், மணலுக்கடியில் ஊறும் நீரே கரையோரக் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் உயிராகும்.

இவ்வாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்றவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் தோல் பதனிடப்பட்டது. பின்னர்க் குரோமிய உப்பினால் பதனிடும் முறை பரவியது. தோல் அழுகாமலிருக்க இடப்படும் உப்பும், பதனிடப் பயன்படும் வேதிப்பொருள்களும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கின. கிணற்றுநீர் உவர்த்தது, வயல்கள் விளைச்சல் குன்றின. எனினும், பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவதும் இத்தொழிலே. எனவே, தொழிலை விலக்கியோ ஆற்றைக் கைவிட்டோ இச்சிக்கலைத் தீர்த்தல் இயலாது.

சட்டமும் அதன் எல்லையும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இக்குறையை உச்ச நீதிமன்றத்திடம் கொண்டு சென்றது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, இந்தியச் சூழலியல் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கேடு நேரும் முன்னரே தடுத்தல், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் ஆகிய இரு நெறிகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு உறுதிசெய்தது. தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும், கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஏற்பாடுகளை மேற்கொள்ளவும் ஆணையிட்டது.

சட்டத்தின் கை ஆலையின் வாயில்வரை நீளும். அங்கு உருவான காலணியை வாங்குபவரின் வீட்டு வாயிலுக்குள் அது நுழைவதில்லை. எத்தனை இணைக் காலணிகள் வேண்டும், பழையதைத் தைத்து அணியலாமா என்பனவற்றை அவரவர் மனமே முடிவு செய்கிறது. ஒரு பொருளை வாங்குபவர், அது உருவான முறையில் நேர்ந்த நன்மை தீமைகளுக்கும் பொறுப்பேற்கிறார் என்று இந்தத் தீர்ப்புக்குப் பல்லாண்டுகள் முன்னரே எழுதியவர் குமரப்பா.

மரத்தடியில் கற்ற பாடம்

1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்றார். மும்பையில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேனாட்டு உடையும் வசதியான வாழ்வுமே அவருக்குப் பழக்கமாக இருந்தன.

1929ஆம் ஆண்டு மே மாதம் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்பே சென்றுவிட்டதால், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தாம் காண வந்தவர் அவரே என்பதைப் பின்னரே அறிந்தார். உடனே, உடுத்தியிருந்த விலையுயர்ந்த உடை கசங்குமே என்று கருதாமல் அதே தரையில் அமர்ந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தபோது அதனை ஏற்கவில்லை. உடையைப் பற்றியோ எளிமையைப் பற்றியோ காந்தியடிகள் அப்போது அறிவுரை கூறவில்லை. அவர் அமர்ந்திருந்த தரையே குமரப்பாவுக்குப் பாடமாயிற்று. அதன்பின் குமரப்பா கதராடைக்கு மாறினார்.

செயலே பேச்சு

1934ஆம் ஆண்டு காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் பொறுப்பேற்று நடத்தியவர் குமரப்பா. தோல் பதனிடுதல், எண்ணெய் ஆட்டுதல், தேனீ வளர்த்தல் முதலியவை அங்கு ஊக்குவிக்கப்பட்டன. கைத்தொழிலைப் போற்றிய அச்சங்கம் தன் நூல்களைக் கையால் செய்த காகிதத்தில் அச்சிட்டது. மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கை உருவாக்கிப் பயன்படுத்தியது. பிறர் பின்பற்ற வேண்டுமென விரும்பிய ஒவ்வொன்றும் முதலில் சங்கத்தாரின் பழக்கமாயிற்று.

விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறையிலிருந்த காலத்தில், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலைக் குமரப்பா எழுதினார். அது 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. பூவிலிருந்து தேனை எடுக்கும் தேனீ, அப்பூ காயாவதற்கும் துணைசெய்கிறது. எடுப்பதற்கு ஈடாகக் கொடுக்கும் இவ்வாழ்வே நிலைக்கும் என்பது அவர் கண்ட நெறி. நிலக்கரி, கனிமங்கள் போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை; ஆற்றுநீரும் காட்டுமரமும் முறையாகப் பேணினால் மீண்டும் மீண்டும் கிடைப்பவை. பேணத் தவறினால் அவையும் அழியும் என்பதற்குப் பாலாறு சான்றாக உள்ளது.

வழிவழியாக

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் சிறு குடிலில் வாழ்ந்தார். காந்தியடிகளைத் தம் குருவாகக் கொண்ட அவர், குடிலில் இருந்த ஏழை உழவர் ஒருவரின் படத்தைக் காட்டி, அவரே தம் குருவின் குரு என்று கூறுவார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே குமரப்பா மறைந்தார். 1973இல் பொருளியல் அறிஞர் சூமாக்கர், சிறியதே அழகு என்னும் தம் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார்.

உழவரிடமிருந்து காந்தியடிகள் கற்றார். காந்தியடிகளிடமிருந்து குமரப்பா கற்றார். ஒருவர் வாழ்வதைக் கண்டு மற்றொருவர் மாறும் இத்தொடர் பெருங்கூட்டங்களால் உருவானதன்று. விரிஞ்சிபுரத்திலும் ஆம்பூரிலும் நீரை அளந்து பயன்படுத்தும் தொழிலாளியும், அறுந்த செருப்பைத் தைத்து அணிந்து பள்ளிக்கு வரும் மாணவரும் இத்தொடரின் கண்ணிகளே. அவர்களைக் காண்போர் யாரேனும் இருப்பர்; மாற்றம் அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.