மின்தடையும் மடிக்கணினியும்

(பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்)

செய்தித்தாளின் உள்பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்றொரு சிறு பத்தி வருவதை நம் பெற்றோர் அறிவர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று பகுதி பகுதியாகப் பெயர் போட்டு, பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று அதில் கண்டிருக்கும். சென்ற ஆண்டு ஒரு நாள், எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் அந்தப் பத்தியை யாரும் பார்க்கவில்லை. அன்று காலை 10 மணிக்குத்தான் அவளுடைய அக்காவுக்கு மடிக்கணினி வழியே வேலைக்கான நேர்முகத் தேர்வு.

அக்காவின் மடிக்கணினி சாதாரணமானதன்று. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 72,000 ரூபாய் கொடுத்து வாங்கித் தந்தது. "எங்கள் கடையில் இதைவிட வேகமானது கிடையாது" என்று விற்பனையாளர் சொன்னாராம். அவர் சொன்னது பொய்யுமன்று. கைபேசியின் இணைய இணைப்பை வைத்துக்கொண்டு அக்கா தேர்வில் அமர்ந்தார். சில நிமிடங்களிலேயே படம் உறைந்து உறைந்து நின்றது, குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு மணி நேரம் ஆகுமுன் திரை இருண்டது. எஞ்சிய கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டு முடித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பாட்டரிதான் காரணம் என்று நாங்கள் சொல்ல முடியாது. ஆனால், "இவ்வளவு விலை கொடுத்தும் இப்படியா?" என்று அந்த அம்மா கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. இப்போது தங்கைக்கு, அதாவது எங்கள் தோழிக்கு, ஒன்று வாங்க வேண்டும். ஆகவே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, இயற்பியல் சிஸ்டரையும் மாலை நேரங்களில் தொந்தரவு செய்து, அறிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

பாட்டரியை வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் சிஸ்டர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகிய சென்னைவாசிகளுக்கு இதைவிட நல்ல உவமை வேண்டியதில்லை. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது மற்றொன்று. தொட்டியின் கொள்ளளவை 'வாட்-மணி' என்ற கணக்கில் சொல்கிறார்கள். 50 வாட்-மணி பாட்டரி, 10 வாட் இழுக்கும் கருவியை 5 மணி நேரம் நடத்தும். நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. அப்படியானால் ஒரு யூனிட்டில் அந்தப் பாட்டரியை ஏறக்குறைய 20 முறை நிரப்பலாம். சார்ஜரில் சூடாக வீணாவதைக் கழித்தால் சற்றுக் குறையும்.

விளம்பரத் தாள்களில் சில சமயம் 'மில்லி ஆம்பியர்-மணி' என்ற எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். இதில் ஏமாறக் கூடாது. 7.6 வோல்ட்டில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் பெருக்கி வருவது 38 வாட்-மணிதான். 11.4 வோல்ட்டில் 4,400 என்றால் 50 வாட்-மணி. எண் சிறியது, தொட்டி பெரியது! வோல்ட்டால் பெருக்கிப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். விமானத்தில் தடையின்றிக் கொண்டுசெல்ல அனுமதிக்கும் அளவு 100 வாட்-மணி என்பதால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மேற்பட்ட பாட்டரி உள்ள மடிக்கணினி கிடைப்பது அரிது. தொட்டியைப் பெரிதாக்குவதற்கு எல்லை இருக்கிறது. ஆகவே கவனிக்க வேண்டியது குழாயை.

அக்காவின் மடிக்கணினி விளையாட்டுக்கென்று செய்யப்பட்டது. படங்களை வரைவதற்குத் தனிச் சில்லு ஒன்று அதில் இருக்கிறது. சுவரில் சொருகியிருக்கும்போது இத்தகையவை 150 வாட்டுக்கு மேலும் இழுக்கக் கூடியவை. அதே வேகத்தில் 50 வாட்-மணி பாட்டரியிலிருந்து எடுத்தால் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும், பாட்டரியும் கொதிக்கும். எனவே, சொருகியைக் கழற்றிய மறுகணமே சில்லுகளுக்குச் செல்லும் மின்சாரத்தை வெகுவாகக் குறைத்துவிடும்படி நிறுவனத்தாரே அமைத்திருக்கிறார்கள். கடையில் ஓடிய வேகம் வேறு, மின்தடையில் ஓடிய வேகம் வேறு என்பதன் காரணம் இதுவே.

நாங்கள் ஒரு சனிக்கிழமை அந்த மடிக்கணினியைச் சோதித்தோம். சொருகியைக் கழற்றியதும் அது தானாகவே மிகச் சிக்கன நிலைக்குப் போய்விட்டது; அந்த அமைப்பை வாங்கிய நாள் முதல் யாரும் மாற்றவில்லை. அப்படியிருந்தும் தனிச் சில்லு உறங்காமல் விழித்திருந்தது, திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. பாட்டரி அறிக்கை என்று ஒன்று விண்டோஸில் உண்டு; ஒரு கட்டளையில் வந்துவிடும். அதில் வாங்கியபோது 48 வாட்-மணி, இப்போது 28 என்று கண்டோம். 30 வாட் அளவில் இழுத்தால் 28 வாட்-மணி ஒரு மணி நேரம்கூட வராது என்பது மூன்றாம் வகுப்புத் தங்கைக்கும் தெரியும் கணக்கு.

நல்லதைத் தெரிவு செய்வதில் முதலில் பார்க்க வேண்டியது மையச் சில்லு. இண்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் சில்லுப் பெயரின் இறுதியில் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பொதுவாக 15 வாட் அளவில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது. 'எச்' என்றால் 45 வாட் அளவு. 'எச்எக்ஸ்' அதற்கும் மேல். எழுதவும் படிக்கவும், கணக்கு நிரல் போடவும், வகுப்பைத் திரையில் கேட்கவும் 'யூ' தாராளமாகப் போதும். அது சொருகியிருக்கும்போதும் குறைவாகவே இழுக்கிறது; ஆகவே கழற்றும்போது இழப்பதற்கும் அதிகமில்லை. இண்டெல் 2024-இல் வெளியிட்ட 'வி' என்று முடியும் சில்லுகளும் சிக்கனமானவை, விலைதான் சிக்கனமில்லை.

இங்கே ஒரு கதை சொல்லாமல் போக மனமில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவர் ஒரு புதுச் சில்லை வடிவமைத்தனர். மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும், சூடானால் தாங்காது, ஆகவே 1 வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு வந்தது, வேலையும் செய்தது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது முள் சுழியத்தில் நின்றதாம்! பார்த்தால், மின் இணைப்பையே கொடுக்கவில்லை. பக்கத்துக் கம்பிகளின் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த 'ஆர்ம்' வமிசம்தான் இன்று நம் கைபேசிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் 'எம் 1' என்ற சில்லோடு அதை மடிக்கணினிக்குக் கொண்டுவந்தபோது, சொருகினாலும் கழற்றினாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடியதே பலரை வியக்கச் செய்தது. 2024 முதல் குவால்காமின் சில்லுகளால் விண்டோஸ் மடிக்கணினிகளிலும் அவ்வசதி வந்திருக்கிறது. ஆனால் பழைய மென்பொருள்கள் சிலவும், பழைய அச்சு இயந்திரங்கள் சிலவும் அவற்றோடு ஒத்துழைக்க மறுப்பதுண்டு. கல்லூரியில் எந்த மென்பொருள் வேண்டியிருக்கும் என்று விசாரித்த பிறகே வாங்குவது நல்லது.

அடுத்தது திரை. மெதுவான வேலைகளில் சில்லைவிடத் திரையே அதிகம் குடிப்பதுண்டு. மிக நுண்ணிய திரை, நொடிக்கு 120 தடவையோ 144 தடவையோ புதுப்பிக்கும் திரை என்பனவெல்லாம் மின்சாரம் கேட்பவை. புத்தகம் படிக்க 60 தடவை போதும். பெரும்பாலானவற்றில் அமைப்பை மாற்றிக் குறைத்துக்கொள்ளவும் முடியும். நினைவகம் 16 ஜி.பி. இருந்தால் நலம். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளதை யாராவது மலிவாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

'20 மணி நேரம் வரை' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பற்றி ஒரு சொல். அந்த 'வரை'யில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து, உள்ளே சேமித்த ஒரு படத்தை ஓடவிட்டு அளந்த கணக்காக இருக்கும். எங்கள் அனுபவத்தில் பாதியை எதிர்பார்ப்பதே பத்திரம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. பாண்டி பஜாரிலும் சரி, ரிச்சி தெருவிலும் சரி, காட்சிக்கு வைத்த மடிக்கணினிகள் பெரும்பாலும் சொருகியபடியே இருக்கும். "அண்ணா, வயரைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சொருகியிருக்கும்போது ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை, அதே பக்கங்களைத் திறந்து, அதே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். எங்களில் மூவர் தோழியின் அம்மாவோடு சென்று நான்கு கடைகளில் இப்படிக் கேட்டோம். ஒருவர் சிரித்தார், ஒருவர் முகம் சுளித்தார். இருவர் மறுபேச்சின்றிக் கழற்றிக் காட்டினர். பழைய மடிக்கணினி வாங்குவோர் பாட்டரி அறிக்கையையும் கேட்டுப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

சி வகை வாயில் வழியே சார்ஜ் ஆகிறதா என்பதையும் பாருங்கள். வார்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று வீசியபோதும், மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மழையைக் கொட்டியபோதும், சென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் ஒரு பவர் பேங்க் கை கொடுக்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. வீணாவது போக, சிறு மடிக்கணினியை ஒரு தடவை நிரப்பலாம். ஆனால் 65 வாட் அளவில் கொடுக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் நம்மைப் போன்ற உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த அக்காமார் பெற்றுச் சென்றனர். அடுத்த ஆண்டே சென்னையில் நாள்தோறும் 2 மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் அதைவிட மிக அதிகம். அக்காலத்து மடிக்கணினியில் பாட்டரியைக் கையாலேயே கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம் என்று பழைய மாணவி ஒருவர் எங்களிடம் சொன்னபோது பொறாமையாகவே இருந்தது. இப்போது வருபவற்றில் உள்ளே திருகி வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே உள்ளதைக் காப்பாற்ற வேண்டும். லித்தியம் அயன் பாட்டரிக்கு இரண்டு பகைவர்கள்: வெப்பமும், எந்நேரமும் முழுதாக நிரம்பி நிற்பதும். நம் ஊர் மே மாதம் முதலாவதைத் தாராளமாகத் தருகிறது. மெத்தைமேல் வைத்து, காற்றுத் துளைகளை அடைத்து, நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. மேசைமேல் சொருகியே வைத்திருப்போர் அதைப் போட்டுவிடலாம். அக்காவின் 48 வாட்-மணி 28 ஆனது, மொட்டை மாடிக்குக் கீழுள்ள சூடான அறையில் இரண்டாண்டு இரவும் பகலும் சொருகிக் கிடந்ததால்தான் என்பது சிஸ்டரின் கருத்து.

தோழியின் அம்மா கடைசியில் வாங்கியது 'யூ' சில்லும் 54 வாட்-மணி பாட்டரியும் உள்ள, பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒன்று. முந்தையதைவிடப் பல ஆயிரம் ரூபாய் குறைவு. அடுத்த மாதப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குக் கழற்றி, பாடக் குறிப்பு எழுதி, இடையே ஒரு மணி நேரம் அக்காவோடு வீடியோவில் பேசியும் பார்த்தாள். பிற்பகல் 2 மணிக்கு 31 விழுக்காடு மீதமிருந்தது. அன்று மின்சாரம் வந்தது என்னவோ 3 மணிக்கு மேல்தான்.