நாலு எஞ்சின் ஆகாயக் கப்பல்

சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் தேக்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சேலைக் கடை, நகைக் கடை, மல்லிகைச் சரம், வாழையிலைச் சாப்பாடு, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. அதோடு பயணம் முடிந்துவிடும். அடுத்த முறை போகும்போது சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள ஃபேரர் பார்க் பக்கம் சற்று நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக ஆகாய விமானம் பறக்கக் கண்டது அந்தத் திடலில்தான். 1911 மார்ச் மாதம் ஒரு பெல்ஜியக்காரர் மரச் சட்டத்தில் துணி போர்த்திய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஊரே கூடி நின்று அண்ணாந்து பார்த்தது.

முப்பது ஆண்டு கழித்து அதே வட்டார மக்கள் விமானச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்தார்கள். 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் ஜப்பானியர் முதல் குண்டுகளைப் போட்டனர். பின்வந்த வாரங்களில், சங்கு ஊதியதும் பலர் காளியம்மன் கோயிலுக்குள் போய் அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலும் தப்பியது, அவர்களும் தப்பினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டே நாளில், அதே ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் நிறுத்தி வைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள்.

இவை உங்களுக்குத் தெரிந்த கதைகள். நான் சொல்ல வந்தது பிறகு எதிர்த் திசையிலிருந்து வந்த விமானத்தைப் பற்றி. 'ஜப்பான்காரன் காலத்துக் கடைசியில் நாலு எஞ்சின் கப்பல் வந்தது' என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கப்பல் எது? அதை ஓட்டியவர்கள் யார்?

நாலு எஞ்சின் விமானங்களில் இரண்டு வகை வந்தன. பெரியது பி-29. வங்காளத்துத் தளங்களிலிருந்து வந்து, 1944 நவம்பர் 5-ல் செம்பவாங் கப்பல் பட்டறையைத் தாக்கியது அதுதான். மற்றது அதற்கு மூத்தது, பி-24. அதற்கு 'லிபரேட்டர்' என்று பெயர். விடுதலை தருபவன் என்று பொருள். பெயர் பொருத்தமா இல்லையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

லிபரேட்டர் முதன்முதலில் பறந்தது 1939 டிசம்பரில், அமெரிக்காவில். போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். மோட்டார் கார் செய்யும் ஃபோர்டு கம்பெனி இதற்கென்றே ஒரு தொழிற்சாலை கட்டி, உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளியே தள்ளியது! இறக்கையின் அகலம் 110 அடி. நாலு எஞ்சினும் ஒவ்வொன்றும் 1,200 குதிரைசக்தி. குண்டு வைக்கும் அறையின் கதவு, நம் பட்டணத்துக் கடைகளில் மேலே சுருட்டி ஏற்றுகிறோமே, அந்த இரும்புக் கதவைப் போன்றது. வசதியானதுதான். ஆனால் விமானம் கடலில் விழுந்தால் அந்த மெல்லிய கதவு தாங்காது. தண்ணீர் உள்ளே பாய்ந்து உடல் இரண்டாகப் பிளந்துவிடும். கடல்மேல் பறந்தவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துதான் ஏறினார்கள்.

எட்டுப் பத்துப் பேர் கொண்ட கூட்டம் அது. ஓட்டுநர் இருவர், வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்தி பார்ப்பவர், குண்டு குறிபார்ப்பவர், துப்பாக்கிக்காரர்கள். பெரும்பாலும் இருபதைத் தாண்டிய இளைஞர்கள். உள்ளே பெட்ரோல் நெடி வீசும், உயரே போனால் குளிர் எலும்பைத் துளைக்கும்.

இவர்களில் ஒரு படைப்பிரிவு எங்கே இருந்தது தெரியுமா? யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில்! பிரிட்டிஷ் விமானப்படையின் 160-ஆம் பிரிவு அது. பிறகு மின்னேரியாவுக்கு மாறியது. 1945-ல் மின்னேரியாவிலிருந்து கிளம்பி, வங்கக்கடலின் தென்பகுதியைக் கடந்து, சுமத்திராவைத் தாண்டி, சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். போய் வர மூவாயிரம் மைலுக்கு மேல். ஏறக்குறைய இருபது மணி நேரம் வானத்திலேயே. இடையில் எண்ணெய் நிரப்ப ஒரு சாண் நிலம் கிடையாது.

1944 அக்டோபர் கடைசியில், வங்காளத்தில் டிக்ரி என்ற தளத்தில் இருந்த 159-ஆம் பிரிவு இதே வேலையைப் பினாங்குத் துறைமுகத்தில் செய்தது. போன 15 விமானங்களும் பத்திரமாகத் திரும்பின. அதன் தலைவர் பிளாக்பர்ன் என்பவர், எண்ணெயைச் சிக்கனமாக எரித்து நெடுந்தூரம் பறக்கும் முறையைக் கண்டு மற்றவர்களுக்கும் பழக்கியவர். நம் லாரி ஓட்டுநர்களில் சிலர் ஒரே டாங்கி எண்ணெயில் மற்றவர்களைவிட ஐம்பது மைல் கூடுதலாக ஓட்டுவார்கள் அல்லவா? அந்தக் கைநிதானம்தான்.

1944 கடைசியிலிருந்து இதே விமானங்கள் மலாயாக் காடுகளில் ஆட்களையும் துப்பாக்கிகளையும் குடைத்துணியில் கட்டி இறக்கின. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்தவர்களுக்கு வந்த சாமான் அது. தோட்டத்தில் நம்மவர்கள் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாளைக் கழித்த காலம்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சயாம் மரண இரயில் என்றால் நம் குடும்பங்களில் விளக்கம் தேவையில்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர் 75,000-க்கு மேல் என்பார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பாதை முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்பிவிடவில்லை. பழுது பார்க்கவும் விறகு வெட்டவும் பலரை அங்கேயே வைத்திருந்தார்கள். அந்தப் பாதையைத்தான் லிபரேட்டர்கள் குறிவைத்தன. பிரிட்டிஷ்காரரும் அமெரிக்கரும் மாறி மாறி வந்து பாலங்களையும் நிலையங்களையும் தாக்கினார்கள். முகாம்களோ பாதையின் ஓரத்திலேயே இருந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் என்ற இடத்திலும், நவம்பர் 29-ல் தமர்க்கான் பாலத்தடியிலும் குண்டுகள் முகாமுக்குள் விழுந்து, தங்களை மீட்க வந்த படையின் குண்டுக்கே போர்க்கைதிகள் பலியானார்கள். மேலே இருப்பவனுக்குக் கொட்டகை வெறும் கொட்டகைதான். உள்ளே வெள்ளைக்காரக் கைதியா, தோட்டத்துக் கறுப்பையாவா என்று அந்த உயரத்திலிருந்து தெரியாது.

'குவாய் நதிப் பாலம்' படத்தைப் பட்டணத்துக் கொட்டகையில் பார்த்தவர்கள் உண்டு. அதில் மரப் பாலத்தை ஆற்றோரத்தில் ஒளிந்திருந்து வெடிவைத்துத் தகர்ப்பார்கள். படம் பிடித்ததும் சயாமில் அல்ல, இலங்கையில் கித்துல்கலவில்! உண்மையில் தமர்க்கான் பாலத்தை முறித்தவை இந்த நாலு எஞ்சின் விமானங்கள்தான். அதுவும் பலமுறை வந்து தாக்கி, 1945-ல். எனக்கு அந்தப் படத்தில் வேறொரு குறை உண்டு. அத்தனை பெரிய படத்தில் நம் ஆட்களுக்கு என்று ஒரு காட்சிகூட இல்லை.

1945 ஆகஸ்டு 15-ல் ஜப்பான் பணிந்தது. அதன்பின் அதே விமானங்கள், குண்டு அறையில் குண்டுக்குப் பதில் காகிதத்தை ஏற்றிக்கொண்டு வந்தன. ஆகஸ்டு 28 முதல் கைதிகள் முகாம்கள்மேல் துண்டுத்தாள்கள் விழுந்தன. 'போர் முடிந்தது, இருந்த இடத்திலேயே இருங்கள், உதவி வருகிறது.' இரண்டொரு நாளில் உணவு, மருந்து எல்லாம் வந்து விழுந்தன. சிங்கப்பூருக்கு வந்த விமானங்களில் சில கோக்கோஸ் தீவிலிருந்து வந்தவை. அங்கே தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்துச் சில மாதங்களிலேயே ஓடுபாதை போட்டு, 99, 356-ஆம் பிரிவுகளை நிறுத்தியிருந்தார்கள். சாங்கியில் எலும்பும் தோலுமாக நின்ற கைதிகள் வானத்தைப் பார்த்து அழுதார்கள் என்றால், அதில் வியப்பில்லை.

சயாமில் இருந்த நம்மவர்கள்? பலர் மாதக்கணக்கில் முகாம்களிலேயே காத்துக் கிடந்து, 1946-ல்கூட வந்து சேர்ந்திருக்கிறார்கள். கைதிகளில் மாண்ட 12,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும் நினைவுக் கற்களும் உண்டு. நம்மவர்களில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

இந்த விமானத்தைப் பட்டாளம் மட்டும்தான் ஓட்டியது என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாயத் தபால் வழி அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க, குவாண்டாஸ் கம்பெனி 1943-ல் பெர்த்திலிருந்து இலங்கைக்கு நேரே கடலைக் கடந்து பறக்கத் தொடங்கியது. 1944-ல் அந்த வழிக்கு லிபரேட்டர்களும் வந்தன. துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. கடிதமும் ஒருசில பயணிகளும் மட்டுமே. மேற்கு ஆஸ்திரேலியக் கரையை விட்டால் அடுத்து மண்ணைக் காண்பது கொழும்பு இரத்மலானையில், ஏறக்குறைய பதினேழு மணி நேரம் கழித்து. அந்தச் சேவைக்குக் 'கங்காரு' என்று பெயர் வைத்து, லிபரேட்டரின் முகப்பில் ஒரு கங்காருவை வரைந்தார்கள். இன்று சாங்கி விமான நிலையத்தில் வாலில் கங்காருவோடு நிற்கிறதே, அதற்கு மூத்தது இந்தக் கங்காருதான். சாங்கியில் முதல் ஓடுபாதை போட்டதும் போர்க்கைதிகளின் கைதான். 1943-ல் ஜப்பானியர் தொடங்கிவைத்த வேலை அது.

கடைசியாக, நம் மனத்துக்கு இதமான ஒரு பகுதி. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்கள் லிபரேட்டர்கள் பலவற்றை இந்தியாவில் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். அமெரிக்காவிடம் இரவலாக வாங்கியவை அவை. திருப்பித் தரவேண்டும், அல்லது அழிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். எஞ்சினில் மண்ணை வாரிப் போட்டு, உடலை இடித்து நெளித்து, யாருக்கும் உதவாமல் செய்துவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் இல்லை. வெளியே வாங்கவும் வழியில்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையின் ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற பார்சிக்காரர். அவர் பட்டாளத்துக்காரர் அல்ல, அந்தத் தொழிற்சாலையின் விமானி. நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டு விமானங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் மைல். எது எப்போது நின்றுபோகும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. அத்தனையையும் கொண்டுவந்து சேர்த்தார்!

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் பிரிவு அவற்றைப் பெற்றது. பின்னர் 6-ஆம் பிரிவு கடற்காவலுக்கு ஓட்டியது. உலகில் மற்றப் படைகள் எல்லாம் கைவிட்ட பிறகும் இந்தியா 1968 வரை ஓட்டியது.

விட்டுப்போனவர்களுக்குப் பிற்பாடு ஆசை வந்தது. தாங்கள் பறந்த விமானத்தில் ஒன்றுகூடத் தங்கள் அருங்காட்சியகத்தில் இல்லையே என்று! 1974-ல் இந்தியா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. அது இந்தியாவிலிருந்து தானாகவே பறந்து இங்கிலாந்து போய் இறங்கியது. கே.என். 751 என்பது அதன் பழைய எண். 1945-ல் கோக்கோஸ் தீவில் 99-ஆம் பிரிவோடு இருந்த விமானம் அது. தில்லிக்குப் போகிறவர்கள் அதன் உடன்பிறப்பு ஒன்றைப் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நாலு எஞ்சினும் அப்படியே இருக்கின்றன.