பொன்முலாம் பூசிய பழைய மெழுகுவர்த்தித் தாங்கிகள்

பொன்முலாம் பூசிய பழைய மெழுகுவர்த்தித் தாங்கிகளில் முதலிடம் பெறுபவை 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பட்டறைகளில் உருவானவை. உலோகத்தில் வார்த்து, உளியால் செதுக்கி, பாதரசத்தின் துணையோடு தங்கம் ஏற்றிய இந்தச் சாமான்களைப் பழம்பொருள் வணிகர்கள் ஆர்மொலு என்கிறார்கள். உள்ளிருக்கும் உலோகத்தை வெண்கலம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகைதான். மேசைமேல் நிற்கும் ஒற்றைத் தண்டு, பல கிளைகள் விரிந்த கண்டெலாப்ரா, சுவரில் பொருத்தும் கிளைத் தாங்கி, படுக்கையறைக்குக் கையில் எடுத்துச் செல்லும் கைப்பிடித் தட்டு என நான்கு வடிவங்கள் அதிகமாகக் கிடைக்கின்றன.

தங்கம் பூசியதற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமல்ல. மெழுகுவர்த்தியின் வெளிச்சம் சொற்பம். அதை அறைக்குள் பரப்பித் தரக் கண்ணாடி, படிகம், தங்கம் எல்லாம் தேவைப்பட்டன. நல்ல தாங்கியில் இலை நரம்பும் விளிம்பும் பளபளவென்று மெருகேறியிருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பு மினுக்கமின்றி மங்கலாக விடப்பட்டிருக்கும். மெருகேறிய இடங்கள் சுடரைப் புள்ளி புள்ளியாகத் திருப்பி அனுப்ப, மங்கலான இடங்கள் அதை உள்வாங்கி மென்மையாகக் கசியவிடும். குழல்விளக்கின் நேர்வெளிச்சத்தில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. ஆகையால் வாங்குபவர், பொருளை ஒரு சுடரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கேட்பதே முறை. அது முடியாவிட்டால் கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாவது பார்க்க வேண்டும்.

இந்த முலாம் ஏறும் விதம் உலோகக் கைத்தொழில்களிலேயே விசித்திரமானது. தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து, நறுக்கி, சூடான பாதரசத்தில் போட்டால் அது கரைந்துவிடும். ஆறிய கலவையைப் பதனிட்ட மென்தோலில் கட்டிப் பிழிந்தால் மிகுதிப் பாதரசம் தோலின் துளைகள் வழியே வெளியேறும். உள்ளே மிஞ்சுவது வெண்ணெய்ப் பதத்தில் ஒரு வெள்ளைக் களிம்பு. தங்கத்தின் மஞ்சள் அதில் அவ்வளவாகத் தெரியாது. செதுக்கி முடித்த தாங்கியை அமிலத்தில் சுத்தம் செய்து, பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவி, களிம்பைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் பூசுவார்கள். பிறகு கரித்தணலின்மேல் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போகும். தங்கம் உலோகத்தோடு பிணைந்து நின்றுவிடும். நெருப்பிலிருந்து எடுக்கும்போது அது மங்கிய மஞ்சளாகத்தான் இருக்கும். செழுமையான முலாம் வேண்டுமென்றால் இதே வேலையை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

அழகு வருவது இதற்குப் பிறகு. பளபளக்க வேண்டிய இடங்களை அகேட் அல்லது ஹேமடைட் கல் பதித்த கருவியால் அழுத்தித் தேய்ப்பார்கள். மங்கலாக நிற்க வேண்டிய இடங்களில் வெடியுப்பு, படிகாரம், சாதாரண உப்பு சேர்ந்த கலவையைப் பூசிச் சூடாக்கி, அது உருகியதும் பொருளைத் தண்ணீரில் முக்குவார்கள். உப்பு கரைந்து போக, மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு வெல்வெட் போல ஆகிவிடும். இந்த மங்கல் முலாமை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பியர் கூத்தியேர். 1732-இல் பிறந்து, 1758-இல் முலாம் பூசும் ஆசானாகத் தகுதி பெற்று, அரச குடும்பத்துக்கும் 15-ஆம் லூயி மன்னரின் காதலி மதாம் து பாரிக்கும் வேலை செய்தவர். அவருக்கு வர வேண்டிய பெருந்தொகைகள் வந்து சேரவில்லை. திவாலாகி, 1813-இல் வறுமையில் இறந்தார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 2016-இல் நியூயார்க்கின் ஃப்ரிக் கலைக்கூடம் அவருடைய படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

தணலிலிருந்து எழுந்த பாதரச ஆவியைத் தொழிலாளிகள்தான் சுவாசித்தார்கள். ஈறு வீங்கிப் பல் உதிர்வது, கை நடுங்குவது, நினைவு தடுமாறுவது இவையெல்லாம் அந்தத் தொழிலின் பழகிப்போன நோய்களாக இருந்தன. பாரிஸின் புகழ்பெற்ற வெண்கலப் பட்டறை முதலாளி அந்துவான் ராவ்ரியோ 1814-இல் இறந்தபோது, முலாம் பூசுபவர்களைப் பாதரசத்திலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்திருந்தார். வேதியியலாளர் ழான்-பியர்-ழோசஃப் தார்சே அந்தப் பரிசை 1818-இல் பெற்றார். அவர் வடிவமைத்த அடுப்பின் புகைபோக்கியில் தனியாக ஒரு சிறு நெருப்பு எரியும். அது காற்றை மேலே இழுக்க, ஆவியும் அதோடு போய்விடும். உயிர் காக்கும் ஏற்பாடு இவ்வளவு எளிதாக இருந்தும், அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்தப் பொருள்களை விற்பவர்கள் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும். தேய்ந்து போகாமல் காக்க வேண்டியது என்ன என்பது அப்போதுதான் வாங்குபவருக்குப் புரியும்.

1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றது. அதன்பின் பாதரச முலாம் படிப்படியாக அருகியது. ஆனாலும் நேபாளத்தின் பாட்டன் நகரில் நேவார் கைவினைஞர்கள் தெய்வச் சிலைகளுக்கு இன்றும் பாதரசத்தால் தங்கம் ஏற்றுகிறார்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளின் அடிப்பக்கம். பாதரச முலாமில் கலவை தூரிகையால் பூசப்படுவதால், கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்துக்கு யாரும் தங்கத்தை வீணாக்குவதில்லை. அங்கே உலோகம் பழுப்பாகவோ கருமையாகவோ வெறுமனே இருக்கும். ஓரத்தில் மட்டும் முலாம் கொஞ்சம் வழிந்திருக்கும். மின்முலாமில் பொருள் முழுவதும் கரைசலில் மூழ்குவதால் உள்ளும் புறமும் ஒரே சீரான மஞ்சளாக இருப்பதுண்டு. பழைய தாங்கி ஒரே வார்ப்பு அல்ல. அடித்தட்டு, தண்டு, மெழுகுவர்த்தி செருகும் குவளை என்று தனித்தனியாக வார்த்து, நடுவே ஒரு திருகுக் கம்பியால் இறுக்கியிருப்பார்கள். அந்தத் திருகின் மரை கையால் வெட்டியதாக இருந்தால் சற்றுக் கோணலாக இருக்கும். ஒன்றுக்குச் செய்த மரை இன்னொன்றில் ஏறாது. இயந்திரத்தில் வெட்டிய சீரான மரை இருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம், அல்லது பின்னால் மாற்றப்பட்டதாக இருக்கலாம்.

அடுத்தது உளி வேலை. அசலில் இலையின் நரம்பு கூர்மையாக இருக்கும். இரண்டு இலைகள் அருகருகே இருந்தால் இரண்டிலும் சிறு வேறுபாடு தெரியும். ஒரு பழைய தாங்கியையே அச்சாக வைத்து மறுவார்ப்பு எடுத்தால் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். உருகிய உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்குவதால் மறுவார்ப்பு அசலைவிடச் சிறிதளவு குள்ளமாகவும் இருக்கும். ஜோடி என்று விற்கப்படும் இரண்டில் ஒன்று மட்டும் சிறியதாகவும் மொழுக்கென்றும் இருந்தால், ஜோடியை நிறைக்கப் பிற்காலத்தில் வார்த்ததாக இருக்கக்கூடும். அளவுநாடாவைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

முத்திரைகளை நம்புவதில் நிதானம் தேவை. 1745 முதல் 1749 வரை பிரான்ஸில் செம்புக் கலவைப் பொருள்களுக்கு ஒரு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கிரீடம் வைத்த ‘சி’ எழுத்து பொறிக்கப்பட்டது. நான்கே ஆண்டு நீடித்த வரி என்பதால் அது காலத்தைத் துல்லியமாகக் காட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டுகளில் மறுவிற்பனைக்கு வந்த இன்னும் பழைய பொருள்களிலும் அது விழுந்தது. போலி முத்திரைகளும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பாலான நல்ல தாங்கிகளில் கையொப்பமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் பார்பெதியென், தஸ்ஸோன் போன்ற பட்டறைகள் பழைய பாணியில் செய்து தங்கள் பெயரையே பொறித்தன. அவற்றைப் பிரதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேலைத் தரத்தில் அவை பல அசல்களுக்கு இணையானவை.

பாணியை அறிவது கடினமல்ல. இடமும் வலமும் ஒத்துப் போகாமல் வளைந்து நெளியும் கொடியும் சிப்பியும் 15-ஆம் லூயி காலத்தின் அடையாளம். நேரான தூண், செங்குத்துப் பள்ளங்கள், வாகை மாலை, ஆட்டுக்கடாத் தலை ஆகியவை 16-ஆம் லூயி பாணி. கறுத்த வெண்கலத்தில் சிறகு முளைத்த பெண்ணுருவம் நின்று, பொன்முலாம் பூசிய கிளைகளை ஏந்தியிருந்தால் அது நெப்போலியன் காலத்துச் சாம்ராஜ்யப் பாணி. இந்த மூன்றும் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டதால், பாணியை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்ய முடியாது.

மலிவு வகைகளில் ஸ்பெல்டர் என்னும் துத்தநாக வார்ப்பு அதிகம். கைக்கு லேசாக இருக்கும். கீறல் விழுந்த இடத்தில் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம் தெரியும். கிளை முறிந்தால் ஒட்டுவது பெரும்பாடு. தங்கமே இல்லாத தங்க வண்ணம் பூசியவையும் உண்டு. வெண்கலப் பொடி கலந்த அந்த வண்ணம் நாளடைவில் பழுப்பேறிவிடும். குழிகளில் அது திட்டாகத் தேங்கியிருப்பதே காட்டிக்கொடுக்கும். உண்மைத் தங்கம் பழுப்பேறுவதில்லை. மேடான இடங்களில் தேய்ந்து அடி உலோகத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

மரத்தாலான இத்தாலியத் தாங்கிகள் வேறொரு உலகம். தேவாலயப் பலிபீடத்தில் நிறுத்திய உயரமான தண்டுகள் இவை. உச்சியில் குவளைக்குப் பதிலாக மெழுகுவர்த்தியைக் குத்தி நிறுத்தும் இரும்பு முள் இருக்கும். மரத்தின்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்கத் தாள் என்று அடுக்குகள். பல தண்டுகளில் முன்பக்கம் மட்டுமே தங்கம். சுவரைப் பார்த்த பின்பக்கம் வெறும் மரம் அல்லது எளிய வண்ணம். பின்புறம் இப்படி விடப்பட்டிருப்பதைக் குறையென்று எண்ணிப் பேரம் பேசுபவர்கள் உண்டு. உண்மையில் அது பழமைக்கு ஆதரவான சான்று. விளிம்புகளில் தங்கம் தேய்ந்து செம்மண் எட்டிப்பார்ப்பதும் அப்படியே. வெள்ளித் தாளின்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசித் தங்கம்போலத் தோன்றச் செய்ததும் அந்நாட்டின் பழைய உத்திதான்; அதை மோசடி என்று கொள்ள வேண்டியதில்லை. 1950, 60-களில் ஃபிளாரன்ஸில் செய்து ஏற்றுமதியான சிறிய முலாம் மரத் தாங்கிகள் நூறாண்டைத் தொடாதவை. விலை குறைவு, அன்றாடப் புழக்கத்துக்கு ஏற்றவை.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒரு சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்வது தனியாருக்குத் தடை.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் கண்ணாடி முன்னால் வைப்பதே பழைய வழி; சுடர் இரட்டிக்கும். சாப்பாட்டு மேசையில் வைத்தால், எதிரே அமர்ந்தவர் முகத்தை மறைக்காத உயரம் வேண்டும். சுழலும் மின்விசிறிக்குக் கீழே எந்த மெழுகுவர்த்தியும் ஒருபக்கமாக உருகி வழியும். முலாமின்மேல் மெழுகு கொட்டுவதற்கு முதற்காரணம் அதுதான். பழைய குவளைகளின் அளவு இன்றைய மெழுகுவர்த்திக்குப் பொருந்தாமல் போகலாம். குவளையை நெம்பி அகலப்படுத்தாமல், மெழுகுவர்த்தியின் அடியைச் சீவிச் செருகுவது சரி. குவளைமேல் ஒரு கண்ணாடி வளையத் தட்டு போட்டால் வழியும் மெழுகு அதிலேயே நின்றுவிடும். சுடர் குவளைக்குள் இறங்கும்வரை எரியவிடக் கூடாது.

மின்விளக்கு பொருத்துவதற்காகத் தண்டில் துளையிடப்பட்ட தாங்கிகள் சந்தையில் ஏராளம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் வந்த வீடுகளில் நடந்த வேலை இது. கம்பி போகும் துளை அடித்தட்டின் ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இருந்தால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். இன்று புதிதாகத் துளையிடுபவர்களுக்கு அந்தக் காலத்தவரின் சமாதானமும் கிடையாது, ஏனென்றால் மின்கலத்தில் எரியும் மெழுகுவர்த்திகள் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன.

பராமரிப்பில் நேரும் சேதமே மிகப் பெரியது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய வீடுகளில் முலாம் தாங்கியையும் அதேபோலத் தேய்த்துவிடுகிறார்கள். தங்கப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். தூளும் பாலீஷும் ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் கொண்டுபோகும். நாலைந்து பண்டிகைக்கு அப்படித் தேய்த்தால் மங்கலுக்கும் மெருகுக்கும் உள்ள வேறுபாடு போய், வெறும் பித்தளைப் பளபளப்பு வந்து நிற்கும். அதைத் திருப்பி எடுக்க முடியாது. மென்மயிர்த் தூரிகையால் தூசு தட்டுவது போதும். மிக அழுக்கானால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி சோப்பு கலந்து, பஞ்சால் ஒற்றி, உடனே உலர்த்தலாம். உறைந்த மெழுகை இளஞ்சூட்டில் இளக்கி, மூங்கில் குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும், கத்தி கூடாது. மர முலாமுக்கு இந்தத் தண்ணீர் வைத்தியம் ஆகாது, சுண்ணப் பூச்சு ஊறித் தங்கத் தாளோடு சேர்ந்து உரிந்துவிடும்.

தேய்ந்த பழைய தாங்கியை மின்முலாம் கடையில் கொடுத்துப் புதிதாக்கலாமா என்ற கேள்வி பலருக்கு எழும். கூடாது. முலாம் போடுமுன் கடைக்காரர் மேற்பரப்பை இயந்திரத்தில் தேய்த்துச் சமன் செய்வார். மிஞ்சியிருந்த பழைய தங்கமும் உளியின் கூர்மையும் அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். பாதி தேய்ந்த அசல் முலாம் உள்ள தாங்கிக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை, புதுமுலாம் ஏற்றியதற்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம்.