வரையறை (தருக்கம்)

வரையறை என்பது ஒரு சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என எல்லையிட்டுக் காட்டும் கூற்று ஆகும். இந்தியத் தருக்கவியல் வரையறைக்கு மூன்று குற்றங்களைக் கூறுகிறது. நெருப்பெரிச்சல் உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்தின் பின்னலாடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

* அவ்வியாப்தி (குன்றல்): "பருத்தி பனியன்" - பிற பின்னலாடைகள் விடுபடுகின்றன.
* அதிவியாப்தி (மிகுதல்): "நூலாலான ஆடை" - வேட்டியும் அடங்கிவிடுகிறது.
* அசம்பவம் (பொருந்தாமை): "தறியில் நெய்த ஆடை" - எப்பின்னலாடைக்கும் பொருந்தாது.

"நூலை வளையங்களாகக் கோத்த துணியாலான ஆடை" என்பது இக்குற்றங்கள் அற்றது.

வரையறைப் பிழை நடைமுறையிலும் தீங்கு தரும். சாயக் கழிவுநீரில் "சுத்திகரித்த நீர்" என்பதை நிறம் நீக்கிய நீர் என்று மட்டும் கொண்டால், உப்புநீரும் அதில் அடங்கும். கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்ற வரம்பு அளந்தறியத்தக்கது. நொய்யல் மாசுபட்டதால் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையைக் கோரியது. அது நிறைவேறாததால் 2011இல் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.