இரவு யாருக்குச் சொந்தம்?

சென்ற வாரம் செங்கம் சாலையில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து வந்த வாலிபர் ஒருவர், கையில் பை, காலில் புதுச் செருப்பு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம். இராத்திரி பொழுதுபோக இங்கே என்ன இருக்கிறது? ஆட்டம் உண்டா? பாட்டு உண்டா? பெங்களூரில் அவர்களே காய்ச்சி ஊற்றுகிறார்களே, அந்த மாதிரி பீர் கிடைக்குமா?"

நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். "தம்பி, ஒன்பது மணிக்கு மேலே இந்தத் தெருவிலே நாய்தான் ஆடும், நாய்தான் பாடும்!"

கடையே சிரித்தது. வாலிபரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீடு வந்து படுத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திருவண்ணாமலைக்கு இரவே இல்லையா? இருக்கிறது, தோழர்களே! நெடிய இரவு இருக்கிறது. அந்த வாலிபருக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். வாருங்கள், மணிக்கு மணி நடந்து பார்ப்போம்.

இரவு ஒன்பது: ஆசிரமத் தெரு

1896 செப்டம்பர் முதல் நாள், வீட்டை விட்டுக் கிளம்பிய பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் இந்த ஊரில் வந்து இறங்கினான். பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்றது. 1934-ல் பால் பிரண்டன் என்ற வெள்ளையர் இவரைப்பற்றி எழுதிய நூல் மேனாட்டாரை இங்கே இழுத்தது. 1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து பார்த்தார். 1944-ல் வெளிவந்த அவருடைய நாவலில் இந்த ஊரின் சாயல் ஏறியது. 1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்தார். மறைந்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் கூட்டம் குறையவில்லை. குளிர்காலம் பிறந்தால் தெருவெங்கும் வெள்ளை முகங்கள். சிற்றுண்டிக் கடைகளில் ஜெர்மன் ரொட்டி, இத்தாலியப் பண்டம், இஞ்சித் தேநீர்.

அவர்களைப் பழிக்க இதை எழுதவில்லை. நிம்மதி தேடி வருகிறார்கள், வரட்டும். ஆனால் ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். நிம்மதி தேடி வந்தவர் ஒன்பது மணிக்குக் கண்மூடுகிறார். அவர் படுத்த அறையைப் பெருக்கி, விரிப்பைத் துவைத்து, பாத்திரம் தேய்த்த நம் தாய்மார் அந்த ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்குப் போகப் பேருந்துக்கு நிற்கிறார்கள். ஒருவருக்கு அமைதியான இரவு. இன்னொருவருக்கு அலுப்பான இரவு. இரவு ஒன்றுதான்; பங்கீடுதான் வேறு!

நள்ளிரவு: பதினான்கு கிலோமீட்டர்

பௌர்ணமி வந்தால் இந்த ஊர் உறங்குவதில்லை. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், இலட்சக்கணக்கான கால்கள். பகுத்தறிவாளன் என்ற முறையில் எனக்கு மாறுபாடு உண்டு. மலையைச் சுற்றினால் வினை தீரும் என்றால், மலையடிவாரத்திலேயே பிறந்து, அதையே தினமும் சுற்றிச் சுண்டல் விற்கும் சிறுவனுக்கு ஏன் இன்னும் தீரவில்லை? அந்தக் கேள்வி கேள்வியாகவே இருக்கட்டும். சுற்றுகிறவனும் நம் தோழன்தான். செய்யாற்று விவசாயி, வேலூர்த் தோல் பதனிடும் தொழிலாளி, ஆரணி நெசவாளி. அவனை எள்ளி நகையாடுவது நம் வேலையல்ல. நம் கண் பாதையின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஓரத்தில் யார்? இரவெல்லாம் குப்பை அள்ளும் துப்புரவுத் தொழிலாளி. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் சிறப்புப் பேருந்து ஓட்டுநர். இரவெல்லாம் கொதிக்கும் பாலின்முன் நிற்கும் டீ மாஸ்டர். கார்த்திகைத் தீபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் எரியும் சுடரை ஊரே பார்த்துக் கைகூப்பும். அந்தச் சுடரை ஏற்றுகிறவர்கள் பருவதராஜ குலத்தார் என்ற மீனவ மரபினர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? சுடர் தெரிகிறது, சுமந்தவன் தோள் தெரிவதில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் முதல் நாள், புயல் மழையில் இந்த மலைச்சரிவு சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீடு மண்ணுக்குள் புதைந்தது; குழந்தைகள் உள்ளிட்ட ஏழு உயிர்கள் போயின. சமதரையில் மனை விலை ஏற ஏற, ஏழை மலைமேல் ஏறுகிறான். அறை வாடகைக்குப் பேரம் பேசும் விருந்தினர் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. நாமாவது கேட்க வேண்டாமா?

இரவு இரண்டு: ஆட்டம் உண்டா என்றாரே!

உண்டு ஐயா, உண்டு! ஆனால் கண்ணாடிக் கதவுக்குள் இல்லை. களத்து மேட்டில் இருக்கிறது. ஆசிரமத்திலிருந்து பேருந்து ஏறிக் கிராமப்புறம் போனால், கோடைக்காலத்தில், திரௌபதி அம்மன் கோயில் திடலில் தெருக்கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்குமேல் மத்தளம் தட்டினால், கிழக்கு வெளுக்கும் வரை நிற்காது. முகவீணையும் ஆர்மோனியமும் ஒரு பக்கம். கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டி, மாவரிசை எடுக்கும் வேடக்காரன் மறுபக்கம். கட்டியங்காரன் அரசனையே கிண்டல் செய்வான். ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். பாரத விழாவின் கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். பெங்களூர் நடனக் கூடத்தில் இரவு ஒரு மணிக்கு விளக்கணைத்து வெளியே போகச் சொல்வார்கள். இங்கே சூரியன் வந்துதான் கூட்டத்தைக் கலைக்க வேண்டும்!

இதே மாவட்டத்துப் புரிசை கிராமத்துக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்து கடல் கடந்து போயிற்று. சங்கீத நாடக அகாடமி விருதும் அவரைத் தேடி வந்தது. ஆனால் பெயர் தெரியாத நூறு கூத்தர்கள் பகலில் களை எடுத்து, இரவில் கர்ணனாகிறார்கள். விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, கூலிக்காகத் தலையாரி முன் நிற்கிறார்கள்.

"ஆட்டத்தை ஒழித்தவர்கள் நீங்கள்தானே?" என்று சிலர் நம்மைக் குத்துவதுண்டு. பொய்! கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையைத்தான் ஒழிக்கப் பாடுபட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் பேசினார். 1936-ல் நாவலாகவே எழுதினார். 1947-ல் சட்டம் வந்தது. ஒழிந்தது அடிமைத்தனம், ஆட்டம் அல்ல. அதே ஆட்டம் மயிலாப்பூர் மேடையேறியபோது அதற்குக் "கலை" என்று பெயர் வந்தது. திடலில் ஆடுகிற கூத்தனின் ஆட்டத்துக்கு மட்டும் "கூத்தடிக்கிறான்" என்ற வசை மிஞ்சியது. சொல்லிலேயே சாதி ஒட்டியிருப்பதைக் கண்டீர்களா?

பீர் உண்டா என்றாரே!

அதற்கும் விடை சொல்கிறேன். முளைகட்டிக் காய்ந்த பார்லியை ஊறவைத்துக் காய்ச்சி, நொதிக்க வைத்து, கடைக்குள்ளேயே தொட்டியில் வடித்துத் தருகிறார்கள், பெங்களூரிலும் புதுச்சேரியிலும். கைவினைப் பீர் என்று பெயர். நம் பனையேறிக்கு இந்த வித்தை தெரியாததா? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் பதநீர். தடவாத கலயத்தில் சில மணி நேரம் நின்றால் கள். 1987 முதல் கள் இறக்குகிறவன் குற்றவாளி. ஆலையில் அடைத்த சீசா மட்டும் அரசுக் கடையில் அரியணை ஏறியிருக்கிறது.

கள்ளைத் திற என்று நான் வாதாடவில்லை. 1921-ல் மதுவிலக்குக்காகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டச் செய்தவர் பெரியார். மறியலில் நின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மையாரும். 1937-ல் சேலத்தில் தொடங்கிய விலக்கு 1948-ல் மாகாணம் முழுதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது; 1974-ல் திரும்பியது; 1981-ல் மீண்டும் கதவு திறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2016-ல் ஐந்நூறு, 2017-ல் ஐந்நூறு, 2023-ல் ஐந்நூறு என்று கடைகளை மூடினார்கள். மூடியதை எண்ணிக் காட்டத் தெரிந்த நமக்கு, திறந்திருப்பதை எண்ணும் துணிவும் வேண்டும்.

இப்போது கசப்பான பேச்சு. கழகத் தோழனே, கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னைத்தான் சொல்கிறேன். நம் கூட்டத்துக்கு வேனில் ஆள் கூட்டி வருகிறாய். அந்த வேனிலேயே சீசாவும் ஏறினால், மேடையில் பேசும் கொள்கை யார் காதில் ஏறும்? கூலி வாங்கிய கை வீடு போய்ச் சேருமுன் காலியானால், வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கு எந்தக் கட்சி பதில் சொல்லும்?

நம் இரவு எப்படி இருந்தது?

நம் இயக்கமே இரவில் வளர்ந்த பிள்ளை. பகலெல்லாம் உழைத்தவன் இரவில்தான் கேட்க வருவான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெருமுனைக் கூட்டம், கொட்டகையில் அண்ணாவின் நாடகம், எம்.ஆர்.ராதா மேடையேறினால் விடியும்வரை சிரிப்பும் சிந்தனையும். அந்த நாடகங்களுக்கு அஞ்சி 1954-ல் சட்டமே கொண்டுவந்தார்கள்! முடிதிருத்தும் நிலையத்தில் பத்திரிகை, மூலைக்கொரு படிப்பகம், எழுத்தறியாதவனுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். அப்படிக் கண்விழித்த ஊர்களில் திருவண்ணாமலையும் ஒன்று. 1957-ல் நாம் முதன்முதல் தேர்தலில் நின்றபோது நாடாளுமன்றத்துக்குக் கிடைத்த இரண்டே இடங்களில் ஒன்று இந்தத் தொகுதி. 1963 இடைத்தேர்தலிலும் வெற்றி தந்தது இந்த மண். சீசாவால் வந்த வெற்றியா அது? சிந்தனையால் வந்தது!

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சம் எட்டு மணி நேரம் மனிதனுக்கே. அதற்காகத்தான் 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடியேற்றினார். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டது. தவறு நம் பக்கம் நேர்ந்தாலும் தொழிலாளி குரல் திருத்தும் என்பதற்கு அது சாட்சி. போராடி மீட்ட அந்த எட்டு மணி நேரத்தை ஒரு சீசாவுக்கு அடகு வைக்கலாமா?

ஆகவே, சென்னை வாலிபரே, இதுதான் எங்கள் ஊர் இரவுக்கு வழிகாட்டி. ஒன்பது மணிக்குப் பேருந்துக்கு நிற்கும் தாய்க்கு வழிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குக் குப்பை அள்ளுகிறவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். இரண்டு மணிக்குக் கூத்துத் திடலில் உட்காருங்கள். எழும்போது கூத்தர் தட்டில் பணம் போடுங்கள். விடியலில் எங்கள் கடைக்கு வாருங்கள், சூடாகத் தேநீர் தருகிறோம்.

தோழர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் வட்டத்தில் பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று மாலை கேளுங்கள். கதவைத் திறந்து, தூசி தட்டி, ஒரு விளக்கைப் போடுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு கூத்துக்குழுவை அழைத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இரவு நம்முடையது. அதை விற்கவும் வேண்டாம், விலைக்கு வாங்கவும் வேண்டாம். விழித்திருந்தால் போதும்!